சால்வை எந்தத் தோளில்

மார்ச் 3, செவ்வாய்

எழுந்ததும் முதல் வேலையாகப் பழைய நெகட்டிவ்களைத் தூசி தட்டினேன். பல்கூடத் தேய்க்கவில்லை. புத்தகம் அச்சுக்குப் போக இன்னும் பத்து நாள்தான். இருபத்து மூன்று வருடமாக ஊர் ஊராகப் போய் ஆட்டம், உடை, சடங்கு என்று எடுத்ததெல்லாம் ஒரே தொகுப்பாக வரப்போகிறது. பதிப்பாளர் வைத்திருக்கும் தலைப்பு 'நம் நாட்டின் முகம்'. அது எப்படி இருக்கும் என்று தேடி அலைந்த எனக்கே தெரியவில்லை, அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இவர் தன் ஸ்டூடியோவுக்குக் கிளம்பினார். பாஸ்போர்ட் சைஸ். நான் தேடும் அடையாளத்தை இவர் பத்து நிமிடத்தில் எட்டு காப்பியாக வெட்டிக் கொடுத்துவிடுகிறார்.

அட்டைக்கு அந்த மலைப்பக்கத்து ஆட்டக்காரி. தலைக்கு மேல் கைகள், வலது தோளில் சால்வை. நான் எடுத்து வெளிவந்த முதல் படம். போஸ்டர், காலண்டர், தபால்தலை எல்லாவற்றிலும் வந்துவிட்டது.

மார்ச் 4, புதன்

அட்டைப்பட நெகட்டிவை ஸ்கேன் செய்தேன். சால்வை இடது தோளில் இருக்கிறது. திருப்பிப் போட்டுவிட்டேன் போல. நாளை பார்க்கலாம்.

மார்ச் 5, வியாழன்

திருப்பிப் போடவில்லை. ஃபிலிம் ஓரத்து எண் நேராகத்தான் இருக்கிறது. எண் நேர் என்றால் படமும் நேர். அப்படியானால் இத்தனை வருடமாக நாடு முழுக்கத் தொங்குவது?

பூதக்கண்ணாடியோடு போஸ்டர் முன் உட்கார்ந்தேன். பின்னால் நிற்கும் மேளக்காரருக்குக் கைக்கடிகாரம் வலது கையில். சட்டைப் பை வலது மார்பில். எத்தனை லட்சம் பேர் பார்த்திருப்பார்கள், ஒருவருக்கும் உறைக்கவில்லை. எனக்கு உறைத்ததா?

பிரிண்ட் போட்டது யார் என்பதில் சந்தேகமே இல்லை. அப்போது ஃபோட்டோ லேபின் இருட்டறையில் வேலை பார்த்தவர், இப்போது எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஃபிலிம்ல பளபளப்புப் பக்கம் மேல இருக்கணும்னு தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும். நீ பக்கத்துல நின்னு பேசிட்டே இருந்த. அன்னிக்கு ஃபிலிம் மட்டுமா தலைகீழா போச்சு?"

கோபம் வந்தது. பாத்திரம் கழுவும்போது சிரிப்பு வந்தது. துடைத்து அடுக்கும்போது மறுபடி கோபம்.

மார்ச் 7, சனி

பதிப்பாளரிடம் சொல்லிவிடலாம் என்று போன் செய்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் முன்னுரை வந்துவிட்டது என்றார். ஆய்வாளர் ஒருவர் எழுதியது. படித்தே காட்டினார். வலது தோளை மூடி இடது தோளைத் திறந்து வைப்பது, இதயத்தை மண்ணுக்கு அர்ப்பணிப்பதன் குறியீடாம். மூன்று பக்கம்.

"எப்படி மேடம் இருக்கு?"

"நல்லா இருக்கு சார்."

நல்லா இருக்காம். எனக்கெல்லாம் வாய் எதுக்கு?

மார்ச் 8, ஞாயிறு

ஒருவேளை அவர்கள் இரண்டு தோளிலும் மாற்றி மாற்றிப் போடுவார்களோ? அப்படியிருந்தால் பிழைத்தேன். போய்ப் பார்த்துவிட வேண்டும்.

மார்ச் 10, செவ்வாய்

பஸ்ஸில் ஆறு மணி நேரம். போனபோது ஒத்திகை. பன்னிரண்டு பேர், பன்னிரண்டு வலது தோள். போன உயிர் திரும்பி வந்தது. சுவரில் என் போஸ்டர், கண்ணாடிச் சட்டம் போட்டு.

படத்தில் இருந்தவள்தான் இப்போது குழுத் தலைவி. அன்று காற்றடித்தால் விழுந்துவிடுவாள் போலிருந்தாள்; இன்று ஒரு அதட்டலில் பன்னிரண்டு பேரும் நிற்கிறார்கள். எப்போதிலிருந்து வலது தோள் அக்கா, என்றேன்.

"உன் படம் வந்ததுலேர்ந்துதான். அதுக்கு முன்னாடி இடதுல போட்டு ஆடிட்டிருந்தோம். நாடே பாக்கற படத்துல வலதுல இருக்கு. நாமதான் தப்பா போடறோம்னு மாத்திட்டோம்."

"படத்துல இருக்கறதே நீங்கதானேக்கா. அன்னிக்கு எதுல போட்டீங்கன்னு ஞாபகம் இல்லையா?"

"இடதுன்னுதான் நினைச்சேன். அப்புறம் படத்தப் பாத்தேன். என் ஞாபகம் பெருசா, படம் பெருசா?"

பெருமையாகத்தான் சொன்னாள். நான் குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.

தண்ணீரோடு மிச்சமும் வந்தது. அவள் நாத்தனார் மட்டும் மாற்ற மாட்டேன் என்று நின்றிருக்கிறாள். "போஸ்டரையே அவ மூஞ்சிக்கு நேரா பிடிச்சேன். கண்ணு தெரியலைன்னா கண்ணாடி வாங்கிப் போடுன்னேன். அன்னிக்குக் குழுவ விட்டுப் போனவதான். பதினெட்டு வருஷம். அடுத்த தெருவுலதான் இருக்கா. எதிர்ல வந்தா ரெண்டு பேரும் வானத்தப் பாத்துட்டுப் போவோம்."

பிறகு, நான் கேட்காமலே, "அவள மாதிரி ஆடறதுக்கு இன்னிவரைக்கும் ஆள் கிடையாது," என்றாள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கிளம்பும்போது அவர்களுடைய சால்வை ஒன்றை எனக்குப் போட்டுவிட்டாள். வலது தோளில்.

பஸ் நிறுத்தத்துக்கு அடுத்த தெரு வழியாகத்தான் போக வேண்டும். ஒரு வீட்டு வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "தப்பா போட்டிருக்கே," என்றாள். உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 11, புதன்

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். "பதினெட்டு வருஷமாவா?" என்று கேட்டார். பிறகு, "நான் போட்ட பிரிண்ட்னு சொல்லிடு," என்றார். தவறு தன்மேல்தான் என்று இவர் சொல்லிக் கேட்பது கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. தேதியைக் குறித்து வைக்கிறேன்.

ஆனால் தவறு, அந்தப் பிரிண்ட்டைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பியவளுடையது.

மார்ச் 12, வியாழன்

அட்டை ஃபைலை நாளைக்குள் அனுப்பச் சொல்லிப் பதிப்பாளர் இரண்டு தடவை போன்.

வாதம் ஒன்று யோசித்து வைத்தேன். பதினெட்டு வருடமாக வலது தோளில் ஆடுகிறார்கள், சின்னப் பெண்களுக்கு வேறு தெரியாது, இதுவும் இப்போது மரபுதானே. நல்ல வாதம். ஆய்வாளரே மெச்சுவார். அந்த வாசலில் நின்று சொல்லத்தான் எனக்கு முகம் இல்லை. நாட்டின் முகமே கையில் இருந்தும்.

மார்ச் 13, வெள்ளி

இவர் வங்கிக்குப் போன நேரத்தில் ஸ்டூடியோவின் பின்னறையைப் பூட்டிக்கொண்டு ஒரே ஒரு பிரிண்ட் போட்டேன். பளபளப்புப் பக்கம் மேலே. மூன்று தடவை சரிபார்த்தேன். பக்கத்தில் நின்று பேச ஆள் இல்லாதது வசதியாக இருந்தது. கொஞ்சம் போரடிக்கவும் செய்தது.

பின்பக்கத்தில் எழுதினேன்: 'இடது தோள்தான் சரி. தப்பு என் படத்தில்.' கையெழுத்து, தேதி.

அட்டைக்குப் போகப்போவதும் இந்த இடது தோள்தான்; ஃபைல் தயார். கெடு இன்று; நாளை பஸ் ஏறிய பிறகுதான் அனுப்புவேன். கத்த வேண்டியவர்கள் போனில் கத்தட்டும். பிரிண்ட்டை நாத்தனாரிடம் நான் கொடுக்கப் போவதில்லை. தலைவி அக்காவிடம் கொடுப்பேன். அடுத்த தெருவுக்கு அவள் கையால் போகட்டும்.

விடியக்காலையில் எங்கே என்று இவர் கேட்டார். லென்ஸ் ரிப்பேர் என்றேன்; உண்மையைச் சொன்னால் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ள இவரும் கிளம்பிவிடுவார். "சால்வை எதுக்கு?"

குளிரும் என்றேன். மடித்துப் பையில் வைத்திருக்கிறேன். இறங்கியதும் இடது தோளில் போட்டுக்கொள்ள வேண்டும்.