பின் சீட்டுக் கால்மிதி

5-3-80, புதன்

காலையில் வெயில். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு இடி, ஒரு பாட்டம் மழை. டிஸ்பென்சரியில் கூட்டம். இருமல், காலில் புண், லைன் பிள்ளைகளுக்குச் சொறி. கந்தக மருந்து தீரப்போகிறது, பெரிய கிளாக்கரிடம் சொல்ல வேண்டும்.

இரத்தினபுரி மோட்டார் கடையிலிருந்து ஆள் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பைக் வந்துவிட்டதாம். நீலம் கேட்டிருந்தேன், வந்திருப்பது சிவப்பு. வந்து பார்த்துத் திருப்தி என்றால் எடுத்துக்கொண்டு போகலாமாம். திருப்தி! நல்ல வார்த்தை.

மச்சானிடம் சொன்னேன். ராஜத்தின் அண்ணன், சாப்பாடு என் வீட்டில்தான். தோட்டத்து லொறியை ஓட்டுகிறவர், வண்டிகளின் நோய் தெரிந்தவர். ரா. இருந்திருந்தால் அண்ணனைக் கூட்டிக்கொண்டுதான் போகச் சொல்லியிருப்பாள். வருகிறேன் என்றார். பிறகு வழக்கமான பேச்சு.

“பைக் வாங்குறத வேணாங்கல மாப்பிள்ள. தங்கச்சிக்கு ஒரு சுமைதாங்கிய வச்சிட்டு வாங்குங்க.”

வயிற்றுப் பிள்ளையோடு போனவளுக்கு வழியோரத்தில் சுமைதாங்கிக் கல் வைக்க வேண்டும். போகிற வருகிறவர்கள் தலைச்சுமையை அதில் இறக்கி வைக்கும்போதெல்லாம் அவள் வயிற்றுச் சுமையும் இறங்குமாம். வைக்காவிட்டால் சுமையோடு அலைவாளாம். மச்சானும் அவர் ஆட்களும் இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். கல்லுக்குப் பதில்தான் பைக் என்று சொல்லிவிட்டேன். முகம் சுண்டிப்போனார்.

போன ஐப்பசி மழை. வலி கண்டு, பிள்ளை குறுக்கே கிடந்தது. இங்கே வைத்துப் பார்க்கிற காரியம் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. லொறி றப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு கொழும்பில். துரையின் ஜீப் கராஜில். கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடினோம். மதகு வரைக்கும்தான் போக முடிந்தது. இனி இந்தத் தோட்டத்தில் வண்டி இல்லாமல் ஒருத்தி சாகக்கூடாது என்று அன்றைக்கு நினைத்தது. அதுதான் இந்த பைக்.

விளக்கு வைக்கிற நேரம் உள்ளறையில் கட்டில் கிரீச்சிட்டது. எலி. எலிதான்.

7-3-80, வெள்ளி

பனி. முதல் பஸ்ஸில் இ.புரி. நின்றுகொண்டே போனோம்.

போன பிறகுதான் மச்சானுக்கு ராகுகாலம் ஞாபகம் வந்தது. பன்னிரண்டு அடிக்கும்வரை பைக்கைத் தொடமாட்டேன் என்று தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்றார். நான் மட்டும் கடைக்குள் பைக்கைப் பார்த்தபடி, முதலாளி கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மச்சான். நோயாளியைப் பார்க்க வந்தவர் மாதிரி இருந்தது.

பன்னிரண்டுக்குப் பிறகு பார்த்தவை:
எஞ்சின் நம்பர், சேஸி நம்பர், இரண்டும் கடதாசியோடு சரி.
மைல் மீட்டர், பூச்சியம்தான்.
டேங்க், உள்ளே துரு இல்லை. மச்சான் விரல் விட்டு மோந்தும் பார்த்தார்.
செயின், கொஞ்சம் தொய்வு. முறுக்கியாயிற்று.
பிரேக், முன்னும் பின்னும் நல்லது.
பெட்ரோல் டேப், கசிவு இல்லை.
லைட், சிக்னல், எரிகிறது.
ஹோர்ன்.

எல்லாவற்றையும் திருகி, தட்டி, காதை வைத்துக் கேட்ட மனிதர் ஹோர்னை மட்டும் தொடவில்லை. “அத நீங்க அடிச்சிப் பாருங்க” என்று தள்ளி நின்றுகொண்டார். அடித்தேன். தலையைத் திருப்பிக்கொண்டார்.

நான் பார்த்ததெல்லாம் பின் சீட்டு. அகலம் போதுமா. பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா. சேலை சக்கரத்தில் சிக்காமல் தடுப்பு உண்டா. சேலைக்காரி ஒருபக்கமாகத்தான் உட்காருவாள், இரண்டு காலும் இடதுபக்கம். அந்த இடது கால்மிதியில் றப்பரே இல்லை, வெறும் இரும்பு. வழுக்கும். இதை மாற்றாமல் எடுக்கமாட்டேன் என்றேன். பின் ஸ்பிரிங்கையும் அழுத்தி அழுத்திப் பார்த்தேன். சரி, விறைப்பு கூட.

கடை மெக்கானிக், வயசானவர், எல்லாரும் பாஸ் என்று கூப்பிடுகிறார்கள், இவ்வளவு நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சினை விட்டுவிட்டு ஏன் சீட்டையே பார்க்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். சொன்னேன். ஏன் சொன்னேனோ. அவர் கையைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகத்தான், கேட்டார்: நோக்காடு கண்ட பெண்ணை இதில் ஏற்றிக்கொண்டு அந்தத் தோட்டத்து ரோட்டில் போவீங்களா, டொக்டர் மாத்தையா?

சாவியைக் கேட்டேன்.

ஓடவிட்டுப் பார்க்க ஏறி உட்கார்ந்தேன். பின் கால்மிதியை இரண்டு பக்கமும் விரித்துவிட்டிருக்கிறேன், எப்போது என்று தெரியாது. கிளட்சைப் பிடித்தபடியே இருந்தேன். மச்சான் “போங்க மாப்பிள்ள” என்றார். போகவில்லை. பாஸ் ஏதாவது கோளாறா என்றார். பிறகுதான் எனக்கு விளங்கியது, பின்னால் ஏறட்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறேன். ஏறியாச்சா என்று கேட்க வாயும் திறந்திருந்தது.

கால்மிதி றப்பர் திங்கட்கிழமைக்குள் போட்டுத் தருவார்களாம்.

9-3-80, ஞாயிறு

மப்பு. எங்கும் போகவில்லை. வேட்டி, சட்டை தோய்த்தது. பருப்பு அடிப்பிடித்தது.

பாஸ் சொன்னது சரி. நினைக்க நினைக்கச் சரியாக இருக்கிறது, அதுதான் கோபம். ரா. அன்றைக்கு இருந்த நிலையில் சீட்டில் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருக்க மாட்டாள். கம்பியைப் பிடிக்கக் கையில் பலம் ஏது. நான் எட்டு வருஷம் டிஸ்பென்சர், இது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டே ஆர்டர் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் பைக்கில் போய் ஆஸ்பத்திரி வேனைக் கூட்டிவந்திருக்கலாம். முடியும். அந்த மழையிலும் முடியும். அப்படியானால் அவளைத் தனியே விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். கையை விடாதீங்க என்றுதான் கட்டிலில் கிடந்தபடி சொல்லிக்கொண்டே வந்தாள்.

உள்ளறைக் கதவைச் சாத்தினேன். சாத்தின கதவு திறந்திருந்தது. தாழ்ப்பாள் பழசு.

10-3-80, திங்கள்

நல்ல வெயில். உரம் ஏற்ற லொறி டவுனுக்குப் போனது, மச்சானோடு நானும். ராகுகாலம் கழிந்த பிறகே கடைக்குள் கால் வைத்தோம்.

புது றப்பர் போட்டிருந்தார்கள். அழுத்திப் பார்த்தேன். கையெழுத்து, சாவி. புது வண்டியில் முதலில் பின்னால் ஒரு சுமங்கலி உட்கார வேண்டும் என்றார் மச்சான். யாரைக் கூப்பிடுவது? அப்படியானால் நீங்களே ஏறுங்கள் என்றேன், லொறியை கிளீனர் ஓட்டட்டும் என்று பகடியும் விட்டேன். சிரிக்கவில்லை. “அது தங்கச்சி எடம், நா எப்படி ஒக்கார்றது” என்றார்.

நான் முன்னால், லொறி பின்னால். குருவிட்ட தாண்டும்வரை நல்ல ஓட்டம். காற்று. மனசு கொஞ்சம் லேசானது போலவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

தோட்டத்துச் சந்தியில் முனியாண்டி கோயில். சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம், சூடம், திருநீறு. பூசை முடிகிறவரை பெட்ரோல் டேப்பை மூடி வையுங்கள், சூடம் கொளுத்துகிற இடம் என்றார் மச்சான். மூடினேன். பழம் நசுங்க ஏறிப் புறப்பட்டேன்.

மதகடியில் எஞ்சின் நின்றுவிட்டது.

அதே இடம். கட்டிலை இறக்கி வைத்த இடம். உதைத்தேன், உதைத்தேன், எடுக்கவில்லை. பின்னால் ஸ்பிரிங் அமுங்கிய மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பயம், வேறென்ன. படித்த மனுஷன் என்று பெயர்.

லொறி வந்து நின்றது. ஹோர்ன் இல்லாமல். மச்சான் இறங்கி வந்து குனிந்து பார்த்தார். டேப் மூடியபடியே இருக்கிறது என்றார். கோயிலில் மூடியதைத் திறக்க மறந்திருக்கிறேன். காரணம் தெரிந்துவிட்டது. அவர் டேப்பைத் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. மதகுச் சுவரில் உட்கார்ந்துவிட்டார்.

“அன்னிக்கு கொழும்புலருந்து வெறும் லொறியோட வர்றேன். மழை. இந்த எடத்துல சனம் நிக்கிது. யாரோ, எவரோன்னு ஹோர்ன் அடிச்சேன். வெலகுங்கன்னு அடிச்சேன், மாப்பிள்ள. எந்தங்கச்சிக்கு.”

அந்த ஹோர்ன் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. அவளுக்கு மூச்சு நின்று கொஞ்ச நேரம்தான் இருக்கும். அவர் அதைச் சுமந்துகொண்டு இத்தனை நாளும் லொறி ஓட்டுகிறார் என்று தெரியாது. ஒரே வீட்டில் சோறு தின்கிறோம், நான் கேட்டதே இல்லை.

கல் வைத்துவிடுவோம் மச்சான் என்றேன். யாருக்கு என்று அவரும் கேட்கவில்லை.

16-3-80, ஞாயிறு, அமாவாசை

மழை இல்லை, ஆச்சரியம். மதகுக்கு இந்தப் பக்கம் மூன்று கருங்கல். இரண்டு நட்டு, ஒன்று மேலே படுக்கை. நெஞ்சு உயரம், சுமையைக் குனியாமல் இறக்கலாம். லைன் ஆட்கள் பத்துப் பேர் கையோடு கை. மச்சான் மஞ்சள் தடவினார். அழுதார். நானும். எனக்கு அப்போதும் நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இல்லாமலே நன்றாக அழுதேன்.

கட்டிலை லைனில் யாருக்காவது கொடுக்கலாமா என்றேன். அந்தக் கட்டிலை யாரும் வாங்கமாட்டார்கள் என்றார்.

17-3-80, திங்கள்

வெயில். டிவிஷன் லைனில் காய்ச்சல் பார்த்துவிட்டுப் பகலில் பைக்கில் திரும்பினேன்.

கல்லில் ஒரு பால் வாளி. பக்கத்தில் லெட்சுமி, இடுப்பில் கை. றப்பர் பால் எடுத்துக்கொண்டு நிறுவைக்குப் போகிறவள். ஏழு மாதம், என் கிளினிக் கார்ட்தான். இந்த மாதத்தில் வாளி தூக்கக்கூடாது என்று சொல்லியிருந்தேன். தூக்காவிட்டால் அன்றைய சம்பளத்துக்கு யார் பேர் போடுவார்கள்.

“இங்கன எறக்கினதும் மூச்சு வந்திருச்சுங்கய்யா” என்றாள். கல்லைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டாள். மறுபடி வாளியைத் தூக்கப் போனாள்.

வை என்றேன். வாளியைப் பின் சீட்டில் வைத்துக் கயிறு கட்டினேன். அவளை ஏறச் சொல்லவில்லை. பாஸ் சொன்னது காதில் இருந்தது. முதல் கியரிலேயே போனேன். அவள் வாளியை ஒரு கையால் பிடித்தபடி கூடவே நடந்து வந்தாள். அவசரமில்லை. பின்னால் கனம் இருந்தது. இந்தத் தடவை திரும்பிப் பார்த்தேன்.

நிறுவைக் கொட்டகையில் மச்சான் நின்றார். வாளியை இறக்கினார். சீட்டெல்லாம் பால் சிந்தி, இடது கால்மிதிவரை வழிந்திருந்தது. காய்வதற்குள் துடைக்க வேண்டும் என்று துணி எடுத்து வந்தார். வேண்டாம் என்றேன். புது சீட்டு மாப்பிள்ள என்றார். இருக்கட்டும்.

இனிப் போய் ஆஸ்பத்திரிப் பெரிய டொக்டரைப் பார்த்து வேனுக்குச் சொல்லி வைக்க வேண்டும், லெட்சுமிக்குத் தேதி மே கடைசி. நாளைக்கே.

விளக்கு வைக்கும்போது போய்ப் பார்த்தேன். சீட்டில் பால் காய்ந்து தோலாகிவிட்டது. இடது கால்மிதியில் மட்டும் இன்னும் ஈரம்.

அதை மடக்கவில்லை.