அடுத்த வாரத்துச் சம்மதம்

மார்ச் 8, சனி

அன்புள்ள அக்காவுக்கு,

நான் முதலில் பார்த்தது இரண்டு புள்ளிகளைத்தான்.

காலையில் நூல்கண்டு வாங்க சூப்பர்வைசர் மேசைக்குப் போனேன். அங்கே ஓவர்டைம் சம்மதச் சீட்டுக் கட்டு. மேலே இருந்தது என்னுடையது. "என் சொந்த விருப்பத்தின் பேரில் ஐந்தரை மணிக்குப் பிறகும் வேலை செய்கிறேன்" என்று அச்சடித்து, கீழே என் கையெழுத்து. தேதி, வருகிற வெள்ளிக்கிழமை. இன்னும் வராத நாளுக்கு நான் எப்போது ஆசைப்பட்டேன்?

பெயருக்குக் கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் போடுவேன். படிப்போடு அந்தப் பழக்கமும் நின்றுபோனது. இந்தத் தையல் கம்பெனியில் அதை யாரும் பார்த்ததே இல்லை.

ஆபீசில் அந்தச் சீட்டுகளை அடுக்குவது நீதானே? யார் வேலை என்று கொஞ்சம் விசாரி. வெள்ளிதோறும் மெஷின் ரிப்பேர் வகுப்பு. நேற்றும் போக விடவில்லை. இரண்டு வகுப்பு தவறிப்போயிற்று. மூன்றாவது நாளும் போகாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்களாம்.

மாடியேறி வந்து கேட்கலாம்தான். எல்லோரும் பார்ப்பார்கள். அதனால் நீ அனுப்பிய சாப்பாட்டு டப்பாவிலேயே வைத்துவிட்டேன்.

உன் தங்கை


மார்ச் 10, திங்கள்

என் பேசாமடந்தைக்கு,

டப்பாவில் காகிதம் வைத்தால் எண்ணெய் ஒட்டாதா? பாதி எழுத்து ஊறிப்போய்விட்டது. இனி ஒரு கவரில் போட்டு வை.

சீட்டு விஷயத்தைப் பெரிதாக்காதே. அதெல்லாம் ஃபைலுக்காக. இந்த ஆர்டர் முடியட்டும், வகுப்பு எங்கும் ஓடிப்போகாது. வாத்தியாரிடம் நானே பேசுகிறேன்.

வியாழக்கிழமை தொழிலாளர் ஆபீசர் வருகிறார். சீட்டைக் காட்டிக் கேட்டால் ஆமாம் என்று சொல். வாய் திறக்கக்கூட வேண்டாம், தலையை ஆட்டினால் போதும். உனக்குத் தெரிந்த வேலைதானே.

ஒழுங்காகச் சாப்பிடு.

உன் அக்கா


மார்ச் 11, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

விசாரிக்கச் சொன்னேன். நீ விசாரிக்கவே இல்லை. அதிலேயே தெரிந்துபோனது. என் பழைய கையெழுத்து தெரிந்த ஆள் இந்தக் கட்டடத்தில் நீ ஒருத்திதான்.

போன வெள்ளி நடந்ததை உனக்கு எழுதவில்லை. "அண்ணே, நான் கிளம்பணும்" என்று சூப்பர்வைசரிடம் போய் நின்றேன். அவ்வளவு சொல்லவே ஒரு வாரம் பழகிப் பார்த்திருந்தேன். "நீயேதான ஆசையா எழுதிக் குடுத்த? இப்ப என்ன நாடகம்?" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. நானே எழுதிக் கொடுத்துவிட்டு மறந்துவிட்டேனோ என்று, சீட்டைப் பார்க்கும்வரை என்னையே சந்தேகப்பட்டேன்.

அறிவிப்புப் பலகையில் காலண்டருக்குப் பின்னால் தொழிலாளர் சட்டத்தை ஒட்டியிருக்கிறார்கள். தூக்கிப் பார்த்தேன். தொழிலாளி தானே எழுதிக் கொடுக்காமல் கூடுதல் நேரம் வேலை வாங்கக்கூடாதாம். மறுத்தால் தண்டிக்கவும் கூடாதாம்.

ஏன் அக்கா?

உன் தங்கை


மார்ச் 12, புதன்

தங்கச்சி,

ஆமாம், நான்தான்.

"முப்பது சீட்டு வேணும்மா, ஒண்ணு குறைஞ்சாலும் நீதான் பதில் சொல்லணும்" என்றார் மேனேஜர். உன்னைக் கூப்பிட்டு அவர் முன்னால் நிறுத்த மனசு வரவில்லை. நீ நடுங்கிப்போவாய். சின்ன வயதிலிருந்தே உனக்காக நான்தானே பேசினேன்? கடையில், ஆஸ்பத்திரியில், எங்கும். பள்ளிக்கூடத்திலிருந்து உன்னை நிறுத்தியபோதுகூட உன் கையெழுத்தை நான்தானே போட்டுக் கொடுத்தேன்? நீ ஒன்றும் சொல்லவில்லையே.

அடுத்த மாதம் என் வேலையை நிரந்தரமாக்குவார்கள். உன் மாமா வேலையில்லாமல் வீட்டில் இருப்பது உனக்கே தெரியும். நாளைக்கு ஒரு நாள் காப்பாற்று.

அக்கா


மார்ச் 15, சனி

அக்காவுக்கு,

வியாழக்கிழமை நீயும் ஃபைலோடு கதவோரம் நின்றாய். ஆனாலும் எழுதுகிறேன், நீ தலையைக் குனிந்திருந்தாய்.

ஆபீசரம்மா சீட்டை நீட்டி, "இது உன் கையெழுத்தாம்மா?" என்றார். என் தலை வழக்கம்போல ஆடப் பார்த்தது.

"இல்லைங்க" என்றேன்.

"சத்தமாச் சொல்லும்மா."

"இல்லைங்க. நான் போடல."

"பின்ன யாரு போட்டது?"

அதற்கு மட்டும் பேசாமடந்தையாகவே இருந்துகொண்டேன். பேனா கேட்டு வாங்கி, பக்கத்திலேயே என் கையெழுத்தைப் போட்டுக் காட்டினேன். வெறும் பெயர். கோடு இல்லை, புள்ளி இல்லை. அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கட்டு முழுவதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். உனக்கு என்ன ஆகுமோ தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. கோபமும் போகவில்லை.

பள்ளிக்கூடத்தை விட்டுவிட எனக்கு விருப்பமா என்று அன்று யாரும் கேட்கவில்லை, அக்கா. கேட்டிருந்தால் மெதுவாகவாவது சொல்லியிருப்பேன்.

திங்களிலிருந்து சாப்பாடு அனுப்ப வேண்டாம். கேண்டீனில் பெயர் கொடுத்துவிட்டேன். டப்பாவைக் கழுவித் துடைத்துவிட்டேன்.

நேற்று வெள்ளி. ஐந்தரைக்கு மணி அடித்தது. யாரும் எழவில்லை. சூப்பர்வைசர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மெஷினை நிறுத்தி, உறையைப் போட்டு மூடி, பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

தங்கை