தம்பி எடுத்த படத்தில் நான்

பிப்ரவரி 8, ஞாயிறு

மறுபடியும் அதே அநியாயம். இன்றைய படத்தில் கதாநாயகி முதல் பாதி முழுக்க சோடாபுட்டிக் கண்ணாடியோடு வருகிறாள். ஒருத்தனும் திரும்பிப் பார்ப்பதில்லை. இடைவேளைக்குப் பிறகு கண்ணாடியைக் கழற்றி வீசிவிட்டு மாடிப்படி இறங்குகிறாள், மொத்தக் கல்லூரியும் வாயைப் பிளக்கிறது. கண்ணாடிக்கடையில் ஊராருக்குப் பவர் பார்த்தே தலை நரைத்தவள் நான். அந்த லென்ஸின் தடிமனுக்குக் குறைந்தது மைனஸ் எட்டு இருக்கும். கழற்றினால் அவளுக்குப் படியும் தெரியாது, கீழே நிற்கிற காதலனும் தெரியாது. இதைச் சொன்னால் அம்மா சிரிக்கிறாள்.

“அவ தடுக்கி விழுந்தாத்தானே அவன் தாங்கிப் பிடிக்க முடியும். அதுக்குத்தான்டி கழட்டச் சொல்லியிருக்காங்க.”

அம்மா சொல்வதுதான் சரியாக இருக்கும் போல. அது இன்னும் எரிச்சல்.

பிப்ரவரி 11, புதன்

பேய்ப் படம். பேய்க்காவது பழிவாங்க ஒரு காரணம் இருந்தது. எங்களைப் பழிவாங்க இயக்குநருக்கு என்ன காரணம்?

பிப்ரவரி 15, ஞாயிறு

போலீஸ் படம். அம்மாவுக்குச் சண்டை இருந்தால் போதும். முழங்கால் இரண்டும் போனபிறகு, லிஃப்ட் இல்லாத இந்த மூன்றாம் மாடியில் அவளுக்கு வெளியுலகம் என்றால் டிவிதான். ரிமோட் அவள் கையில். நான் கடையிலிருந்து வந்து, சமைத்து, அவளைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து உட்கார்ந்தால் அரைப் படம் ஓடும். அந்த அரைப் படத்திலும் அவள் பாதி தூங்கிவிட்டு, விழித்து, “இவன் யாரு?” என்பாள். “இவன்தான்மா வில்லன்.” “நல்லவன் மாதிரி இருக்கானே.” “அதனாலதான் வில்லன்.” இப்படியே போகிறது.

வில்லனுடைய கறுப்புக் கண்ணாடியில் விலை ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே இருந்தது. கோடி ரூபாய் கடத்துகிறவனுக்கு அதை உரிக்க நேரமில்லை.

பிப்ரவரி 19, வியாழன்

தம்பி கூப்பிட்டான். அவனுடைய படம் அடுத்த வெள்ளி வருகிறதாம். தியேட்டரில் இல்லை, நேராக வீட்டு டிவிக்கே. யார் யாரிடமோ உதவியாளனாக இருந்து, திட்டு வாங்கி, கடைசியில் சொந்தமாக ஒரு படம்.

“என்ன கதைடா?”

“அம்மா பையன் கதைக்கா. பார்த்துட்டு உடனே எதுவும் சொல்லாதே. நானே கூப்பிடறேன்.”

கூச்சப்படுகிறான் என்று நினைத்தேன். கடையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். பவர் பார்க்க வந்தவர்களிடம்கூட.

பிப்ரவரி 27, வெள்ளி

அரை நாள் லீவு போட்டுப் பார்த்தோம். இப்போது எழுத முடியாது.

பிப்ரவரி 28, சனி

எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

ஒரு மகன். வெளியூரில் கஷ்டப்படுகிறான். அம்மா, அக்கா வீட்டில் இருக்கிறாள். அந்த அக்கா - என்ன சொல்ல - அம்மாவை சாமான் போடுகிற அறையில் படுக்கவைக்கிறாள். ஆறின சாப்பாடு போடுகிறாள். அம்மா டிவி பார்த்தால் கரண்ட் பில் என்று அணைக்கிறாள். கடைசியில் மகன் மழையில் நனைந்தபடி வந்து, அம்மாவை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு படியிறங்கிப் போகிறான். அக்கா வாசலில் நின்று பல்லைக் கடிக்கிறாள்.

எங்கள் வீட்டில் அம்மா சின்ன அறையில் படுப்பது அது குளியலறைக்குப் பக்கம் என்பதால். அவளே கேட்டு மாறியது. டிவியை இந்த வீட்டில் அம்மாவைத் தவிர யாராவது அணைத்ததுண்டா?

அந்த அக்காவுக்கு ஒரு புருஷன் வேறு. பேராசை பிடித்தவன், வழுக்கை. எனக்கு இல்லாத புருஷனை எனக்குக் கட்டிவைத்திருக்கிறான் என் தம்பி. கட்டிவைத்ததுதான் வைத்தான், பார்க்கிற மாதிரி ஒருத்தனைக் கட்டிவைக்கக் கூடாதா?

இதெல்லாம்கூடப் போகட்டும். ஒரு காட்சி. அம்மா தண்ணீர் கேட்கிறாள். அக்கா கதவில் சாய்ந்து, இடுப்பில் கைவைத்து, “எனக்கும் இது மனுஷ உடம்புதானே, மெஷினா?” என்கிறாள். பின்னால் வயலின் அலறுகிறது.

அது என் வார்த்தை. அம்மா இடுப்பெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நாள் கணக்காக நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கி, கால் வீங்கி, செருப்பு நுழையாமல் நின்றபோது நான் தம்பியிடம் சொன்னது. அம்மாவிடம் இல்லை. அவனிடம். ஒரு நாள் மட்டும் நீ இரு என்று கேட்பதற்காக. அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். காதில் விழவில்லை என்று நினைத்திருந்தேன். விழுந்திருக்கிறது. பத்திரமாக எடுத்துவைத்திருக்கிறான்.

அம்மா படம் முடிந்ததும் “காபி போடு” என்றாள். வேறு ஒரு வார்த்தை இல்லை.

மார்ச் 2, திங்கள்

கடையில் ஃப்ரேம் பொருத்துகிற, நாங்கள் சுருட்டை என்று கூப்பிடுகிற சுருட்டைமுடிக்காரிதான் ஆரம்பித்தாள். நல்ல பெண், மனதில் ஒன்றும் தங்காது.

“அக்கா, உங்க தம்பி படம் பார்த்தேன். அழுது அழுது மூஞ்சியே வீங்கிடுச்சு.”

“ம்.”

“அந்த அக்காக்காரியைத்தான் பளார்னு ஒண்ணு விடணும்போல இருந்துச்சு.”

சொன்னபிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் ஒரே ஃப்ரேமைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

முதலாளி இத்தனை வருஷத்தில் அம்மாவைப் பற்றி விசாரித்ததே இல்லை. இன்று கல்லாவை விட்டு எழுந்து வந்து, “அம்மாவை நல்லா பார்த்துக்கறீங்கல்ல?” என்றார். அந்த ‘ல்ல’வில் எவ்வளவு சந்தேகம். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக நான் லீவு கேட்டபோதெல்லாம் சம்பளத்தில் பிடித்தவர் இவர்.

மார்ச் 3, செவ்வாய்

தம்பி அவனாகக் கூப்பிடுவான் என்று பார்த்தேன். கூப்பிடவில்லை. நானே கூப்பிட்டேன்.

“அது கதைக்கா.”

“என் வாயில வந்த வார்த்தை எப்படிடா உன் கதையாச்சு?”

“நல்ல டயலாக்கா இருந்துச்சு. எடுத்துக்கிட்டேன். அது நீதான்னு யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியுமேடா.”

அவன் பக்கம் யாரோ வாழ்த்துச் சொல்ல வந்திருந்தார்கள். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டான்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வாயைத் திறக்கவில்லை. இதுதான் தாங்கவில்லை. ஊர் என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும். இவள் என்ன நினைக்கிறாள்? படத்தில் வருவது ஒருவேளை உண்மை என்று - சே. அப்படி நினைப்பாளா? பின்னே ஏன் பேசாமல் இருக்கிறாள்?

மார்ச் 5, வியாழன்

பேசினாள். அதற்குப் பேசாமலே இருந்திருக்கலாம்.

“கடைசில வந்து கூட்டிட்டுப் போறானே, அது நல்லா இருந்துச்சு.”

“அப்ப போயேன்மா. யாரு வேணாம்னா? நான் ஆறிப்போன சோறு போடறவதானே” என்று கத்தினேன். தட்டை வேண்டுமென்றே சத்தத்தோடு வைத்தேன். அம்மா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, தம்பியைக் கூப்பிட்டாள்.

“டேய், படம் பார்த்தேன்.”

“அம்மா... பிடிச்சுதா?”

“கடைசில வந்து கூட்டிட்டுப் போறியே. எப்ப வர்ற?”

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

“அம்மா, அது படம்மா. என் வீடு ரொம்பச் சின்னது. இங்கேயும் மாடிதான்.”

“படத்துல அவன் தூக்கிட்டுத்தானே போறான்.”

“நான் வேலைக்குப் போயிட்டா உன்னை யாரு...”

“உங்கக்காவும்தான் வேலைக்குப் போறா. ஞாயித்துக்கிழமை வா. பைய எடுத்து வெச்சுடறேன்.”

வைத்துவிட்டாள். என்னிடம், “நீலப் போர்வையை எடுத்துக் குடு” என்றாள்.

மார்ச் 7, சனி

துணி மடித்துக்கொண்டே கேட்டேவிட்டேன். நான் உன்னை என்ன கொடுமை பண்ணினேன்?

“பைத்தியம் மாதிரி பேசாதே. படத்துல அந்தக் கிழவியைப் பார்த்தியா? அழறா, இருமறா, ‘ராசா’ங்கறா. வேற ஒரு வார்த்தை உண்டா? நான் அப்படியா? என்னை ஊமையாக்கி வெச்சிருக்கான். என்னைத் தெரியாமலே என்னைப் பத்திப் படம் எடுத்திருக்கான். தெரிஞ்சுக்கட்டும்.”

“அதுக்கு அங்கே போய்க் கஷ்டப்படணுமா?”

“உனக்காகப் போறேன்னு நினைச்சுக்காதே. எனக்கும் இந்தச் சுவத்தையே பார்த்து அலுத்துப்போச்சு.”

எனக்காகத்தான் என்று சொல்லியிருந்தால் போக விட்டிருக்க மாட்டேன். அது அவளுக்குத் தெரியும். அல்லது உண்மையிலேயே அலுத்துத்தான் போய்விட்டதோ? இரண்டுக்கும் சேர்த்துக் கோபம் வருகிறது.

மார்ச் 8, ஞாயிறு

வந்தான். மழையெல்லாம் இல்லை, மண்டையைப் பிளக்கிற வெயில். அம்மா கையை விரித்து, “தூக்கு” என்றாள். விளையாட்டுக்கு இல்லை. தூக்கினான். இரண்டாம் மாடித் திருப்பத்திலேயே முகம் சிவந்து, சுவரில் சாய்ந்து, அவளைப் படியில் உட்காரவைத்துவிட்டான்.

“அந்த நடிகை என்ன எடைடா இருப்பா?” என்றாள் அம்மா.

“தெரியலம்மா. அவங்களைக் கயிறு கட்டித் தூக்கினாங்க.”

டாக்ஸி டிரைவர் மேலே வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேருமாக இறக்கினார்கள். அம்மாவை வண்டியில் ஏற்றியபிறகு, பையை எடுக்க அவன் மறுபடி மேலே வந்தான். அப்போதுதான் நாங்கள் இருவரும் தனியாக நின்றோம்.

“இன்னும் கோபமாக்கா?”

“ஏன்டா அப்படி எடுத்தே? உனக்கே தெரியும்ல.”

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “முதல்ல நீ செஞ்சதைத்தான்கா எழுதினேன். தயாரிப்பாளர் படிச்சுட்டு, இதுல என்ன நடக்குதுன்னு கேட்டார். தினமும் குளிப்பாட்டறது, மாத்திரை, சாப்பாடு. தினமும் ஒரே மாதிரி இருக்கே, இதை யாரு பார்ப்பான்னு கேட்டார். எனக்கும் பதில் தெரியல.”

“ஆமாடா. தினமும் ஒரே மாதிரிதான் இருந்துச்சு.”

எந்த மாத்திரை எப்போது என்று சொல்லி டப்பாவைக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்பது மாதிரி வாயைத் திறந்தான். கீழே டிரைவர் ஹாரன் அடித்தார். போய்விட்டான்.

மார்ச் 15, ஞாயிறு

ஒரு படத்தை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் பார்த்தேன். யாரும் இவன் யாரு என்று கேட்கவில்லை. கதை புரிந்தது. படம் நன்றாகவே இருந்தது. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

மார்ச் 22, ஞாயிறு

தம்பி கூப்பிட்டான். குரலே கரகரவென்று இருந்தது.

“அக்கா, அம்மா நடுராத்திரில எழுந்து பாத்ரூம் போகணும்கறாங்க.”

“ஆமா.”

“அப்புறம் தூக்கம் வரலன்னு பேசிட்டே இருக்காங்க.”

“ஆமா. பேசுவாங்க.”

“தினமுமா?”

“தினமும்.”

“சரிக்கா” என்று வைத்துவிட்டான். அன்று ஆஸ்பத்திரியில் அவன் நின்ற மாதிரி நான் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. கேட்டேன். பதில் சொன்னேன். அது ஒரு திருப்தி. அற்பத் திருப்தி என்றாலும் எனக்கு உரியது.

ஏப்ரல் 12, ஞாயிறு

இரண்டே வாரத்தில் கொண்டுவந்து விட்டுவிடுவான் என்று நினைத்திருந்தேன். சின்ன அறையைத் துடைத்துக்கூட வைத்தேன். விடவில்லை. பகலில் பார்த்துக்கொள்ள ஒரு அம்மாளை ஏற்பாடு செய்திருக்கிறானாம். படுக்கையைக் குளியலறைப் பக்கம் மாற்றிப் போட்டிருக்கிறானாம். அம்மா போனில் ஏகத்துக்கும் சிரிக்கிறாள். படத்தில் எடுத்ததை நிஜத்தில் செய்கிறான் - வாழ்க. ஆனால் கைதட்டல் அவனுக்கு முதலிலேயே கிடைத்தாயிற்று. எனக்கு எந்தக் காலத்தில் யார் தட்டினார்கள்?

அவள் அங்கே அழவேண்டும் என்றா எதிர்பார்த்தேன்? இல்லை. கொஞ்சம் குறைவாகவாவது சிரிக்கலாம்.

மே 10, ஞாயிறு

சுருட்டை என்னைக் கட்டாயப்படுத்தித் தியேட்டருக்கு இழுத்துப் போனாள். படம் படுமோசம். ஐந்தாம் நிமிஷத்தில் நான் வாயைத் திறந்தவள் மூடவில்லை. முன் சீட்டுக்காரர் இரண்டு முறை திரும்பி முறைத்தார். மூன்றாம் முறை திரும்பி, “கரெக்ட்டா சொன்னீங்க” என்றார்.

ஜூன் 14, ஞாயிறு

அம்மா வந்திருக்கிறாள். தம்பியும் டிரைவரும் நாற்காலியில் வைத்து மேலே கொண்டுவந்தார்கள். தம்பி இளைத்திருக்கிறான், கண்ணுக்குக் கீழே கருவளையம். அம்மா சாப்பிட்டு முடித்ததும் நான் எழுவதற்குள் அவனே மாத்திரையை எடுத்துக் கையில் கொடுத்தான். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று விரலால் தொட்டும் பார்த்தான். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

“அடுத்த படம் என்னடா?” என்றேன்.

“எழுதிட்டிருக்கேன்கா. எதுவும் நடக்காத கதை. யாரும் காசு போட மாட்டேங்கறாங்க.”

“போட மாட்டாங்கதான்” என்றேன். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டேன்.

ஒரு ராத்திரி இருந்துவிட்டு நாளைக் காலையில் கிளம்புகிறார்களாம். இன்னும் ரெண்டு நாள் இரேன் என்றேன். “அந்தப் பகல்ல வர்ற அம்மா என்னை எதிர்பார்ப்பாடி, நாங்க பார்த்துட்டிருந்த படம் பாதியில நிக்குது” என்றாள் அம்மா.

சாயங்காலம் குளிக்கத் துண்டு கேட்டாள். அவளுடையதெல்லாம் அங்கே இருக்கிறது. அலமாரியில் மேல்தட்டில் விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த புதுத் துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

“நல்லா இருக்கே. எப்ப வாங்கினது?” என்று தடவிப் பார்த்து வாங்கிக்கொண்டாள்.