சான்பாடாவிலும் இறங்கும் செம்பூர் மாமி

செவ்வாய், இரவு

செம்பூர் மாமி இன்று செம்பூரில் இறங்கவில்லை.

பெயர் தெரியாது. மாலை லோக்கல் ரயிலில், லேடீஸ் டப்பாவில் ஜன்னலோரம் உட்கார்ந்து வருவாள். நான் வடாலாவில் ஏறியதும் அவள் முன்னால் போய் நிற்பேன். செம்பூரில் எழுந்து இடம் தருவாள். வருஷக்கணக்கில் இதுதான் ஏற்பாடு. இன்று அடுத்த ஸ்டேஷன் கோவண்டி தாண்டியும் அசையவில்லை. எனக்கு முட்டி வலி.

"இறங்கலியா மாமி?"

"பில்டிங்கை இடிக்கறா. கட்டித் தர மூணு வருஷமாம். அதுவரைக்கும் சான்பாடால வாடகைக்கு."

சான்பாடா என் ஸ்டேஷன். முன்பெல்லாம் வண்டி மான்குர்டோடு திரும்பிவிடும். கடலுக்குக் குறுக்கே பாலம் போட்டு இந்தப் பக்கம் வண்டி விட்ட பிறகுதான் அப்பா இங்கே வீடு வாங்கினார். அப்போது பிளாட்பாரத்தில் படுத்தே தூங்கலாம் என்பார்.

கடைசிவரை நின்றேன். சேர்ந்தே இறங்கினோம்.

"காலம்பற இங்க சீட் கெடைக்குமோ?" என்று படியில் கேட்டாள்.

எனக்குத் தினமும் கிடைக்கிறது. தானேயிலிருந்து வரும் வண்டியில் ஒரு ஸ்டேஷன் போய் வாஷியில் இறங்குவேன். அங்கிருந்தே புறப்படும் காலி வண்டியில் ஜன்னலோரம் பிடித்துவிடுவேன்.

"பன்வேல்ல இருந்து வர்ற வண்டி நெறஞ்சுல்லா வரும்" என்றேன். பொய்யில்லை.

"நீங்களும் பாவம், போறச்சே வரச்சே நின்னுண்டே" என்றாள்.

அவள் பரிதாபப்படாமல் இருந்திருக்கலாம். நாளைக்கு ஒரு வண்டி முன்னதாகவே போய்விட அலாரம் வைத்திருக்கிறேன்.