எவர்சில்வர் டேங்க்

அன்புள்ள வாண்டுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பாவின் வலது மணிக்கட்டு மட்டும் மாவுக்கட்டுக்குள் ஓய்வெடுக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நன்றாக இருப்பீர்கள் என்று நானாக நினைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். கை விஷயத்துக்குப் பதறாதே, சின்ன விரிசல்தான். குளியலறையில் வழுக்கியது என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறார். உனக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன், விழுந்தது நம் ஐஸ் ஃபேக்டரியில், தள்ளிவிட்டது அவருடைய செல்ல டேங்க்.

நீயும் அவரும் முகம் கொடுத்துப் பேசாமல் போனதே அந்த டேங்கால்தான், அதனால் அதன் கதையை நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஐஸ் உறைய வைக்கிற கால்சியம் குளோரைடு உப்புக் கரைசலை இனி லாரியில் மொத்தமாக வாங்கி இருப்பு வைக்கலாம் என்று முடிவானதும், மூடப்போகிற ஒரு பால் பண்ணைக்குப் போய், பளபளவென்று ஆள் உயர எவர்சில்வர் டேங்க் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். வாசலில் இறக்கி வைத்துவிட்டுச் சுற்றிச் சுற்றி வந்து முகம் பார்த்தார், அதில் அவர் இன்னும் குண்டாகத்தான் தெரிந்தார். அன்றைக்கு நீ போனில், "அப்பா, அந்த உப்பு எவர்சில்வரையும் அரிச்சிடும்பா, கனமான பிளாஸ்டிக் டேங்க் வாங்குங்க" என்று தொடங்கி, வால்வு, மூடி வரைக்கும் விளக்கமாகச் சொன்னாய். அதற்கு அவர், "பேருலயே எவர்னு இருக்கு, எப்படிம்மா அரிக்கும்? நாலு புத்தகம் படிச்சிட்டு எனக்கே சொல்லித்தர்றியா?" என்று வைத்த போன்தான், அப்புறம் எடுக்கவேயில்லை. பெயரை நம்பி டேங்க் வாங்கிய ஒரே ஆள் உலகத்தில் உன் அப்பாவாகத்தான் இருக்கும். பேச்சை வெட்டிக்கொள்வதில் நீயும் சளைத்தவள் இல்லை, அது வேறு விஷயம்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நீ போன் பண்ணுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான், பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவரைக் கூட்டி வந்து, டேங்கின் நெற்றியில் "வாண்டு" என்று பெரிய எழுத்தில் வெட்டியிருந்தார். போட்டோ எடுத்து உனக்கு அனுப்பவேண்டும் என்று சட்டையைக்கூட மாற்றிக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்து நீ வேண்டாம் என்றாய். நீ சொன்னது சரிதான், ஆனால் மனுஷன் முகம் சுண்டிப் போனதை நான் பார்த்தேன், எனக்கே பாவமாக இருந்தது.

மழைக்காலம் முடிவதற்குள் டேங்க் தன் வேலையைக் காட்டிவிட்டது. நிரப்பும்போது சொட்டியது பட்டு முதலில் பழுப்புப் புள்ளி விழுந்தது உன் பேரில்தான். அப்புறம் அடியில் பற்றவைத்த ஓரமாக ஊசி முனையளவு ஓட்டை. அந்தக் கரைசல் காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் இழுத்துக் குடிக்கிற ஜாதி ஆயிற்றே, தரையில் சிந்தினால் காயவே காயாது. தரை ஏன் எப்போதும் ஈரமாகவே இருக்கிறது என்று துடைக்கிற அம்மாளைத் தினமும் திட்டித் தீர்த்தார். அந்தம்மாள் ஒருநாள் துடைக்கிற துணியை அவர் கையில் கொடுத்து, "நீங்களே தொடைச்சுக் காட்டுங்கய்யா" என்றாள். காட்டப் போனவர்தான் விழுந்தார். அரை அடி தள்ளி விழுந்திருந்தால் தலை கம்ப்ரெஸரில் மோதியிருக்கும். எழுதும்போது சிரிப்பு வருகிறது, அந்த அரை அடியை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

போன வாரம் புது டேங்க் வாங்க நானும் கூடப் போனேன். கடைக்காரர் மொட்டை மாடியில் வைக்கிற தண்ணீர்த் தொட்டியைக் காட்டினார். உடனே இவர், "இது தண்ணிக்குச் செஞ்சது, எங்க சரக்கு தண்ணியைவிடக் கனம், சுவர் தடிமனா இல்லேன்னா வயிறு உப்பிடும். பித்தளை வால்வு ஆகாது, அதுவும் பிளாஸ்டிக்ல வேணும். மூடி இறுக்கமா இருக்கணும், இல்லேன்னா ஈரத்தை இழுத்து நீர்த்துப் போயிடும். ஒழுகினாலும் வெளியே ஓடாம கீழே தொட்டி கட்டணும்" என்று மூச்சுவிடாமல் அடுக்கினார். அவ்வளவும் நீ அன்றைக்குப் போனில் சொன்னது, ஒரு வார்த்தை குறையாமல். கடைக்காரர், "சார் இன்ஜினியரா?" என்று கேட்டார். "அனுபவம்தான்" என்றார் உன் அப்பா. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மற்றபடி உன் மாமா புதுக் கண்ணாடி போட்டும் எதிரே வருகிறவர்களைப் பார்ப்பதில்லை, ஆக அது கண் கோளாறு இல்லை என்று தெரிந்துவிட்டது. நீ ராத்திரி ஈரத் தலையோடு படுக்காதே, மாப்பிள்ளையையும் கொஞ்சம் சமைக்க விடு.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் பண்ணு. கையைப் பற்றிக் கேட்காதே, புது டேங்கைப் பற்றிக் கேள். நீ சொன்னதையெல்லாம் தானே கண்டுபிடித்த மாதிரி உனக்கே பாடம் எடுப்பார். "அப்படியாப்பா" என்று கேட்டுக்கொள், நடுவில் திருத்தாதே. பேசி முடித்ததும் கொஞ்ச நேரம் சத்தமே வராது. லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே. மன்னிப்புக் கேட்பது அவருக்குப் பழக்கமில்லை, எங்கே தொடங்குவது என்று தேடிக்கொண்டிருப்பார். நீ அப்படியே இரு.

இரண்டு பேரும் நோய் நொடியில்லாமல், மனம் நிறைந்து நீடூழி வாழ வேண்டும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா