மைனா படத்துக்குக் கீழே இருந்த பேர்

கலைவாணி,

களியும் கடலைத் துவையலும் மூடி வச்சிருக்கேன், ஆறுறதுக்குள்ள துன்னு. அங்கன்வாடி சாவி ஆணியில இருக்கு. நான் பலமனேருக்குத் தம்பி வீட்டுக்குப் போறேன். எப்ப வருவேன்னு எனக்கே தெரியல.

அங்கன்வாடிக்கு ஆந்திரா சர்க்கார் குடுத்த பறவைப் படப் புத்தகத்துல தெலுங்குப் பேருக்குக் கீழே தமிழ்ப் பேரையும் எழுதி ஒட்டினது நான்தான். வீட்டுல தமிழ் பேசற பிள்ளைங்களாச்சேன்னு பசை காய்ச்சிக் குடுத்தது நீ. நேத்து சூப்பர்வைசரம்மா கேட்டதும், "யார் ஒட்டினாங்களோ மேடம், இந்தக் கெழவி சும்மா கதை சொல்ல வரும்"னு என் எதிர்லயே சொல்லி, ஒவ்வொண்ணா கிழிச்சே. கூடப் பொறந்த அக்கா உனக்கு "இந்தக் கெழவி." டீச்சர் வேலை போயிடும்னு பயந்திருப்பே. முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே தண்ணி தொட்டு அலுங்காம எடுத்திருப்பேன். சீட்டோட படமும் கிழிஞ்சு, இப்ப அந்த மைனாவுக்குக் காலே இல்லை.

பதினோரு மணிக்குப் பிள்ளைங்க கதைக்கு உக்காருவாங்க. தவளைக் கதை பாதியில நிக்குது. அது கிணத்துல குதிக்கிற இடத்துல பிள்ளைங்கதான் "தொபுக்"னு சத்தம் போடணும், நீ முந்திக்காதே.

அக்கா

இடம் போதலை, ஓரத்துல எழுதறேன். நாலு வயசு ஷோபா போன வாரம் மைனா படத்துக்குக் கீழே விரல் வச்சு, யாரும் சொல்லாமலே "மை... னா"ன்னு படிச்சா. அவ முதல்முதலா படிச்ச வார்த்தை அது. பெங்களூர்ல கட்டட வேலைக்குப் போன அவ அம்மா இன்னிக்கு வர்றா. படிச்சுக் காட்டணும்னு குழந்தை காத்துக்கினு இருக்கு. புத்தகத்தைத் தொறந்து எழுத்தைத் தேடும். நான் எடுத்துக்கினு போயிட்டேன்னு சொல்லு, பரவாயில்லை. அன்னிக்குப் படிச்சது தப்புன்னு மட்டும் அதுகிட்ட சொல்லிடாதே.