பிந்தி வரும் தரவு

வெள்ளவத்தை

அன்பு மகளுக்கு,

உன் கலாநிதிப் பட்டச் சோதனை முடிந்த பிறகு கையில் கிடைக்கும்படி, நாள் பார்த்துத்தான் இதை நோர்வேக்கு அனுப்புகிறேன்.

துருவ ஒளிக்கு மேலே மின்னேற்றத் துணிக்கைகள் எப்படி வேகமெடுக்கின்றன என்று விண்ணில் சுற்றும் செய்மதி அளக்கும், அந்தத் தரவு உன்னிடம் வரும்போது ஒளி அணைந்திருக்கும் என்று அப்பாவுக்கு விளங்கப்படுத்தினாயே. "அணைஞ்ச பிறகு அறிஞ்சு என்ன செய்யிறது, பிள்ளை?" என்று சிரித்தார். "பிந்தினாலும் உண்மையை அறியத்தானே வேணும், அப்பா" என்றாய்.

ஆஸ்பத்திரியில் அவர் கடைசியாகச் சொன்னது, "பிள்ளை சோதனையை முடிக்கட்டும், பிறகு சொல்லு."

மூன்று கிழமையாக, நீ கேட்டபோதெல்லாம், அப்பா படுத்திருக்கிறார் என்றேன்.

போனில் கமரா பழுதென்றதும் பொய், மகள். பொட்டில்லாத என் நெற்றியை நீ பார்த்துவிடக் கூடாது.

உன் அம்மா